எஸ்ஜி8: போஸ்ட்கோட் ஒரு கவுண்டி, வீடு இன்னொரு கவுண்டி

இங்கிலாந்தில் ராய்ஸ்டன் பக்கம் புது வீடு பார்க்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கோடை, அதாவது தபால் குறியீட்டை வைத்து, வீடு எந்தக் கவுண்டியில் (பல மாவட்டங்கள் அடங்கிய பெரிய நிர்வாகப் பகுதி) இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். விற்பனை அலுவலகத்தில் சொல்வதை அதைவிடவும் நம்பாதீர்கள். மகளைப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனில் சேர்க்க விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. அதற்குள் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதை ஆளாளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருந்தோம். கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு நேர் ரயில் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்று தேடியதில், ராய்ஸ்டனுக்கு வெளியே ஒரு கிராமத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடு அமைந்தது. மார்ட்கேஜ், சொலிசிட்டர், சாவி எல்லாம் எல்லோருக்கும் நடப்பது போலவே நடந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வில்லங்கம் ஒரு ஏ4 தாளில் வந்தது. வீட்டைக் கட்டிய நிறுவனத்தின் விற்பனை அலுவலகத்தில் சாவியோடு சேர்த்துக் கொடுத்த தாள் அது. முகவரி, எஸ்ஜி8 என்று தொடங்கும் போஸ்ட்கோட், குப்பை எடுக்கும் விவரம், பள்ளிச் சேர்க்கைக்கான இணைப்பு எல்லாம் அதில் அச்சிட்டிருந்தார்கள். முகவரியின் கடைசியில் 'ஹார்ட்ஃபோர்ட்ஷையர்' என்று தடித்த எழுத்து. பள்ளிச் சேர்க்கை இணைப்பும் ஹார்ட்ஃபோர்ட்ஷையர் கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்துடையது. அங்கிருந்த பெண்ணிடம் கேட்டதற்கு, "எஸ்ஜி8 என்றால் ராய்ஸ்டன், ராய்ஸ்டன் என்றால் ஹார்ட்ஃபோர்ட்ஷையர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டாவது பாதி சரிதான். ஆனால் எஸ்ஜி8 முழுக்க ராய்ஸ்டன் ஊருக்குள் இல்லையே!

என் மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, கவுண்டிக் கோடு நம்ம வீட்டுக்குத் தெற்கேல்ல போகுது?" என்றாள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ராய்ஸ்டனைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனாலே கேம்பிரிட்ஜ்ஷையர் வந்துவிடுகிறது. ரயிலில் அடுத்த நிறுத்தமான மெல்ட்ரத், பக்கத்திலிருக்கும் மெல்போர்ன், பாசிங்போர்ன் எல்லாமே கேம்பிரிட்ஜ்ஷையர் கிராமங்கள், எல்லாவற்றுக்கும் எஸ்ஜி8. கிழக்கே போனால் கிரிஸ்ஹால் எஸ்ஸெக்ஸில் இருக்கிறது, அதுவும் எஸ்ஜி8. ஒரே குறியீட்டுக்குள் மூன்று கவுண்டிகள். ராய்ஸ்டனே 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இரண்டு கவுண்டிகளுக்கு நடுவே பிரிந்து கிடந்த ஊராம். அதைப் படித்தபோது விற்பனைப் பெண்மீது இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. கொஞ்சம்தான்.

இந்தக் குழப்பத்துக்கு விடை சொன்னவர் எங்கள் தபால்காரர். "என் வண்டி காலையில் ராய்ஸ்டனிலிருந்து கிளம்புகிறது, அதனால் நீங்கள் எஸ்ஜி8. கவுண்டி எது என்று எனக்குத் தேவையே இல்லை" என்றார். அவ்வளவுதான் விஷயம். தபால் எங்கிருந்து பிரிந்து வருகிறது என்பதைத்தான் போஸ்ட்கோட் சொல்கிறது. வரி யாருக்கு, பள்ளி யார் பொறுப்பு என்பதெல்லாம் அதன் வேலையே இல்லை.

அப்புறம் ஒரு வேகத்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷையர் முழுவதையும் தோண்டிப் பார்த்தேன். எஸ்ஜி என்ற எழுத்துகள் ஸ்டீவனேஜ் ஊரைக் குறிப்பவை. எஸ்ஜி1, எஸ்ஜி2 அந்த ஊருக்கே. ஹிட்சினுக்கு 4, 5. லெச்வொர்த் 6, பால்டாக் 7, நாங்கள் 8. வேடிக்கை என்னவென்றால், கவுண்டிக்கே பெயர் கொடுத்த ஹார்ட்ஃபோர்டுக்கு என்று தனி எழுத்து கிடையாது. அதுவும் ஸ்டீவனேஜுக்குள் அடங்கி எஸ்ஜி13, எஸ்ஜி14 என்று வரிசையில் நிற்கிறது. இன்னும் போனால் பிகிள்ஸ்வேட், சாண்டி எல்லாம் பெட்ஃபோர்ட்ஷையர், ஆனால் எஸ்ஜிதான். மேற்கே வாட்ஃபோர்டுக்கு டபிள்யூடி, நடுவே செயின்ட் ஆல்பன்ஸுக்கு ஏஎல். ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டின் எச்பி பக்கிங்ஹாம்ஷையருக்குள் போய் ஐல்ஸ்பரி, ஹை விக்கம் வரை நீள்கிறது. பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டுக்கு எஸ்ஸெக்ஸில் இருக்கும் செம்ஸ்ஃபோர்டின் சிஎம். பாட்டர்ஸ் பாருக்கு லண்டன் என்ஃபீல்டின் இஎன். கவுண்டி எல்லையோடு ஒட்டிப்போகிற குறியீடு ஒன்றைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜ்ஷையர்தான் என்று உறுதி செய்துகொள்ள அரசு இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால், அப்படி ஒரு குறியீடே இல்லை என்றது. பிராட்பேண்ட் நிறுவனத்திலும் அதே பதில். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திலும் அதே. புதுத் தெரு என்பதால் இருக்கும் என்று பொறுத்தோம்.

புதுத் தெருவுக்கு முறை இப்படி: தெருவின் பெயரையும் வீட்டு எண்களையும் முடிவு செய்வது மாவட்டக் கவுன்சில். அதன் பிறகு தபால் நிறுவனமான ராயல் மெயில் போஸ்ட்கோட் ஒதுக்கும். ஆனால் ஆள் குடிவரும் வரை அந்த முகவரி 'இன்னும் கட்டப்படாதவை' என்ற தனிப் பட்டியலில் கிடக்கும். எல்லாக் கடைகளும் வங்கிகளும் வாங்கி வைத்திருக்கும் பெரிய முகவரிக் கோப்பில் ஏறாது. ஏறிய பிறகும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பிரதியைப் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கட்டில் கொண்டுவந்தவர் பக்கத்துக் கிராமத்துச் சந்தில் நின்றுகொண்டு போன் செய்தார்.

காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி ஆள் ஒரு யோசனை சொன்னார்: "பக்கத்துப் பழைய தெருவின் போஸ்ட்கோடைப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு மாற்றலாம்." தயவுசெய்து இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தண்ணீர்க் குழாய் வெடித்து இழப்பீடு கேட்கும் நாளில், நீங்கள் காப்பீடு செய்தது இந்த வீட்டுக்கே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? முடியாது, கையால் முகவரியைப் பதிவு செய்யுங்கள் என்று விடாப்பிடியாக நின்றேன். மேலாளர் வரை போனபின்தான் நடந்தது.

குடிவந்து பல வாரங்களாகியும் குறியீடு எங்கேயும் ஏறவில்லை என்றபோதுதான் அந்த ஏ4 தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் போஸ்ட்கோட் 'எம்' என்ற எழுத்தில் முடிந்திருந்தது. போஸ்ட்கோடின் கடைசி இரண்டு எழுத்துகளில் சி, ஐ, கே, எம், ஓ, வி ஆகிய ஆறும் வரவே வராது. கையெழுத்தில் வேறு எழுத்தோடோ எண்ணோடோ குழம்பிவிடும் என்று ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். அதாவது அந்தத் தாளில் இருந்தது உலகத்திலேயே இல்லாத போஸ்ட்கோட்! மாவட்டக் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். எம் இல்லை, என். விற்பனை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் பக்கத்து விசையை அழுத்திவிட்டார். ராயல் மெயிலின் தேடல் பக்கத்தில் சரியான குறியீட்டைப் போட்டதும் எங்கள் தெருவும் வீட்டு எண்ணும் பளிச்சென்று வந்து நின்றன. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். அதுதான் பின்னால் கைகொடுத்தது.

பள்ளி விண்ணப்பத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்துக் கவுண்டிப் பள்ளி வேண்டுமென்றாலும் அதே படிவத்தில் அந்தப் பெயரை எழுதலாம், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். படிவம் நிரப்புவது அரைமணி நேர வேலை. முகவரிச் சான்றுக்குத்தான் அலைச்சல்.

கவுன்சில் வரி ரசீது கையில் இருந்தது. கூடவே வங்கி அறிக்கையும் புது முகவரியில் இருக்கட்டும் என்று கிளைக்குப் போனேன். அங்கே கணினியில் கவுண்டிக் கட்டம் தானாகவே 'ஹார்ட்ஃபோர்ட்ஷையர்' என்று நிரம்பிக்கொண்டது. கவுன்சில் வரி ரசீதோ தெற்கு கேம்பிரிட்ஜ்ஷையர் மாவட்டத்திலிருந்து வந்தது. இரண்டும் பொருந்தவில்லை, மாற்ற முடியாது என்று கவுண்டரில் இருந்தவர் தாள்களைத் திருப்பித் தந்துவிட்டார். லீவு போட்டுப் போன நாள் வீண்.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு படித்ததில் கிடைத்தது இது. முகவரியில் கவுண்டி எழுத வேண்டும் என்ற வழக்கத்தை ராயல் மெயில் 1996-லேயே கைவிட்டுவிட்டது. அதற்கு முன் ராய்ஸ்டன் வழியாகத் தபால் போகும் கேம்பிரிட்ஜ்ஷையர் கிராமங்களுக்கும் 'ஹார்ட்ஃபோர்ட்ஷையர்' என்றே எழுத வேண்டியிருந்தது. அந்தப் பழைய விவரம்தான் இன்னும் பல கணினிகளில் குடியிருந்துகொண்டு கட்டத்தை நிரப்புகிறது. வீட்டு எண், தெரு, கிராமம், தபால் நகரமான ராய்ஸ்டன், போஸ்ட்கோட். இவ்வளவு போதும்.

மறுபடி போனேன். இந்த முறை வேறு ஒரு பெண் இருந்தார். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "ராயல் மெயிலே கவுண்டி போடவில்லை பாருங்கள், அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியுமா?" என்று கேட்டேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு ஒரு நிமிடம் படித்தார். கட்டத்தில் இருந்ததை அழித்தார், பொத்தானை அழுத்தினார். ஏறிவிட்டது! இத்தனை பேர் முடியாது என்ற காரியம், ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதும் முடிந்தது. வெளியே வந்து ஒரு காபி வாங்கிக் குடித்தேன், அன்றைக்கு அது ரொம்ப நன்றாக இருந்தது.

விண்ணப்பம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஏப்ரல் 16 அன்று முதல் விருப்பமாக எழுதிய பள்ளியே கிடைத்தது. டாக்டரிடம் பதிவு செய்வதில் எந்தத் தொல்லையும் இல்லை, அங்கே முகவரிச் சான்றே கேட்கவில்லை. ஓட்டுநர் உரிமத்தில் முகவரி மாற்றத் தள்ளிப்போடாதீர்கள், மாற்றாமல் இருந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

போஸ்ட்கோடை போனில் சொல்லும்போது ஒன்று நினைவிருக்கட்டும். இடைவெளிக்குப் பின் வரும் முதல் இடம் எப்போதும் எண், அடுத்த இரண்டும் எழுத்து. பூஜ்யமா ஓ-வா என்று எதிர்முனையில் தடுமாறினால் இதைச் சொல்லிவிடுங்கள். புது வீட்டுக்காரர்கள் விற்பனை அலுவலகத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, மாவட்டக் கவுன்சில் தெருவுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்த கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகவரியில் ஆதாரமான தாள் அதுதான்.

காப்பீட்டு நிறுவனம் மட்டும் இன்னமும் ஒவ்வொரு கடிதத்திலும் ஹார்ட்ஃபோர்ட்ஷையர் என்றே போடுகிறது. திருத்தச் சொல்லி எழுதினால் நன்றி சொல்லிப் பதில் வருகிறது, அந்தப் பதிலின் உறையிலும் ஹார்ட்ஃபோர்ட்ஷையர். தபால் ஒழுங்காக வந்துவிடுகிறது என்பதால் விட்டுவிட்டேன். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது வேறு நிறுவனம் பார்க்க வேண்டியதுதான்.