காத்திருந்த மூன்றாவது பிள்ளை

காகத்தின் படத்தைக் காட்டினேன். நான்கரை வயதுப் பிள்ளை "தாகம்" என்றான். இப்படிச் சொல்லின் முதலில் "க" வராமல் "த" வரும் மூன்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பலனை அளப்பதே பேச்சுச் சிகிச்சைப் படிப்பில் என் இறுதி ஆண்டு ஆய்வு. தொடக்கத்தில் ஒரு சோதனை, எட்டு வாரப் பயிற்சி, முடிவில் ஒரு சோதனை என்று எழுதிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: "எட்டு வாரத்தில் பிள்ளை வளராதா?"

ராகமவிலிருந்து வெள்ளவத்தை வரை ரயிலில் அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். இந்த வயதில் "க" தானாகவே திருந்துவதும் உண்டு. பயிற்சியை நிறுத்தி, முன்னேற்றம் குறைகிறதா என்று பார்க்கும் முறையும் இங்கே உதவாது; நாக்குக்குப் படிந்த ஒலி அப்படி மறந்துபோவதில்லை. 1968இல் நடத்தை ஆய்வாளர்களான பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் விளக்கிய பல அடிநிலை முறைதான் வழி காட்டியது; அடிநிலை என்பது பயிற்சிக்கு முன் எடுக்கும் அளவீடுகள். மூன்று பிள்ளைகளையும் ஒரே நாளில் அளக்கத் தொடங்க வேண்டும். பயிற்சியை மட்டும் ஒருவருக்கு மூன்று அளவீடுகளுக்குப் பிறகும், அடுத்தவருக்கு ஐந்துக்குப் பிறகும், கடைசிப் பிள்ளைக்கு எட்டுக்குப் பிறகும் தொடங்க வேண்டும். அவரவர் பயிற்சி தொடங்கிய பின்பே வரைபடத்தில் அவரவர் கோடு ஏறினால், வயதுதான் காரணம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

"என் பிள்ளை மட்டும் ஏன் பிந்த வேண்டும், மிஸ்?" என்று மூன்றாவது பிள்ளையின் தாய் கேட்டார். நியாயமான கேள்வி. வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்ததையும், விலகினாலும் சிகிச்சை நிற்காது என்பதையும் சொன்னேன். தாமதத்தைச் சம்மதப் படிவத்தில் மறைக்காமல் எழுதினேன்.

என்னை அதிகம் படிப்பித்தது மதிப்பெண் போடும் வேலைதான். ஒலிப்பதிவுகளைக் கேட்ட இரண்டாவது மதிப்பீட்டாளர், ஒரு பிள்ளை "கோழி"யை "கோளி" என்றதைப் பிழை என்று குறித்திருந்தார். நான் சரி போட்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் தாயே வீட்டில் "கோளி" என்றுதான் சொல்கிறார்; நம்மில் பலர் பேச்சில் "ழ"வை "ள"வாகத்தான் ஒலிக்கிறோம். பிள்ளை கேட்டு வளர்ந்த மொழியைக் கோளாறு என்று எண்ணுவது பெரிய அநியாயம். சொல்லின் முதலில் வரும் "க" மட்டுமே கணக்கு என்று விதியை எழுதி வைத்து, எல்லாவற்றையும் மறுபடி எண்ணினோம். அதன் பிறகு, திகதி தெரியாதபடி கலைத்த பதிவுகளையே மதிப்பீட்டாளரிடம் கொடுத்தேன்.

மூன்றாவது பிள்ளையின் கோடு எட்டு அளவீடுகளிலும் தரையோடு கிடந்தது. பயிற்சியின் மூன்றாம் நாள், தொண்டையில் கையை வைத்து "க், க்" என்று இரண்டு முறை முயன்றான். பிறகு "காகம்" என்றான். எந்த நாளின் பதிவு என்று தெரியாமலே, மதிப்பீட்டாளரும் அந்தச் சொல்லுக்குச் சரி போட்டிருந்தார்.