வேலை தேடிய பதினான்கு மாதங்கள்

2023 ஜூன் மாதத்தில் கணினி அறிவியல் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வு முடிவு வந்தது. 2024 ஆகஸ்டில் பணி நியமனக் கடிதம் கைக்கு வந்தது. இடைப்பட்ட பதினான்கு மாதங்களில் நான் என்ன செய்தேன், எங்கே தவறினேன், எது உதவியது என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன். பெரிய நகரங்களுக்கு வெளியே படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கணினி வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். ஓடுகிற தறியில் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அதை உணர்ந்து நிறுத்துவதற்கென்றே ஒரு முள் அதில் உண்டு. பாவு இழை (நெடுக்கே ஓடும் நூல்) அறுந்தால் எங்கள் பழைய தறி நிற்காது. அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் மட்டும் ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். அதனால் அப்பா தறி ஓடும்போதும் சும்மா உட்கார மாட்டார், நெய்து வரும் துணியைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருப்பார். என் பதினான்கு மாதங்களில் பாதி, பாவு அறுந்ததைக் கவனிக்காமல் தறியை ஓட்டிய கதைதான்.

கணினியில் எனக்குப் பற்று வந்தது ஒரு பழைய இயந்திரத்தால். 2022இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு திங்க்பேட் எக்ஸ்220 மடிக்கணினியை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். 2011இல் வெளிவந்த வகை அது. அங்கே பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன்பே கடையில் வைத்து எஃப்1 பொத்தானை அழுத்தி, கணினி துவங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புக்குள் போய், மேற்பார்வையாளர் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் இயந்திரங்களில் அந்தப் பூட்டு சில வேளைகளில் அப்படியே வந்துவிடும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. வன்தட்டுக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போடுவதாக இருந்தால் இந்த வகைக்கு 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதையே வாங்க வேண்டும், அதைவிடத் தடித்தது உள்ளே நுழையாது.

கல்லூரி ஆய்வகத்தில், லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 11இன் முழு டிவிடி கோப்பை இறக்கி, வீட்டில் நிறுவினேன். எல்லாம் சரியாக முடிந்தது போல்தான் இருந்தது, ஆனால் வைஃபை வரவில்லை. திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. இணைப்புகளின் பட்டியல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து, இயங்குதளத்தின் கருவான கெர்னல் எழுதி வைக்கும் பதிவுகளைப் படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. வைஃபை சில்லை இயக்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் கோப்பு கிடைக்கவில்லை என்று கணினி ஒவ்வொரு முறை துவங்கும்போதும் அங்கே எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. யாரும் மாற்றிப் பகிரலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் வராத ஃபர்ம்வேர் கோப்புகளை டெபியன் 11இன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்துதான் சேர்த்தார்கள். நிறுவும்போது அதைப் பற்றிக் கேட்ட கேள்வியை நான் புரியாமல் கடந்துவிட்டிருந்தேன். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு அந்தக் கோப்பை இறக்கிப் போட்டதும் வைஃபை வந்தது. மிகச் சிறிய வேலைதான். ஆனால் திரை பேசாதபோதும் கணினி எங்கோ ஓரிடத்தில் உண்மையை எழுதி வைத்திருக்கும், அந்த இடத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காத பழைய கணினிகள் நம் ஊர்களில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். லினக்ஸ் போட்டால் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். என் எக்ஸ்220 இன்றும் ஓடுகிறது.

இனி வேலைக்கு வருகிறேன். கல்லூரிக்கு வந்த பெரிய நிறுவனங்கள் பத்தாம் வகுப்பிலிருந்தே 60 விழுக்காடு கேட்டன, அரியர் வைத்த வரலாறே இருக்கக் கூடாது என்றும் சொல்லின. இரண்டாம் பருவத்தில் கணிதத்தில் எனக்கு ஓர் அரியர் இருந்தது. அடுத்த பருவத்திலேயே எழுதித் தேர்ச்சி பெற்றிருந்தாலும் வரலாறு வரலாறுதான் என்று சொல்லிவிட்டார்கள். வளாகத் தேர்வின் முதல் சுற்றில்கூட என்னால் உட்கார முடியவில்லை. பதினெட்டு வயதில் ஒரு தாளில் தவறியதை இருபத்தோரு வயதில் வாசலிலேயே வைத்து வடிகட்டுவது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

2023 ஜூலையில் மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போகத் தொடங்கினேன். ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலையில் அம்மா கட்டித் தரும் புளிச்சோற்றோடு பேருந்தில் ஏறினால் இரவு எட்டு மணிக்குத் திரும்புவேன். வீட்டில் தறிச்சத்தம் இல்லாத நேரம் இரவு மட்டும்தான் என்பதால், அந்த நூலகத்தின் அமைதி எனக்குப் பெரிய கொடையாக இருந்தது. லினக்ஸ் நிர்வாகம், வலையமைப்பு ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு படித்தேன். விண்ணப்பித்த ஒவ்வொரு நிறுவனத்தையும் தேதியோடு ஓர் உரைக்கோப்பில் குறித்து வந்தேன்.

2024 ஜனவரி வரை 132 விண்ணப்பங்கள் போயிருந்தன. வந்த பதில்கள் 3. எனக்குத் தகுதி போதவில்லை என்றுதான் முதலில் நம்பினேன். அந்த நம்பிக்கையில் மேலும் இரண்டு சான்றிதழ்த் தேர்வுகள் எழுதினேன், அவற்றையும் தன்விவரக் குறிப்பில் சேர்த்தேன், அப்போதும் எதுவும் மாறவில்லை. ஒருநாள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, வைஃபை ஓடாத அந்த இரண்டு நாட்கள் நினைவுக்கு வந்தன. பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் படிப்பது மென்பொருள்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த மென்பொருளின் கண்ணுக்கு என் தன்விவரம் எப்படித் தெரியும் என்று பார்க்க, பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும் லினக்ஸ் கட்டளை ஒன்றை அதன்மேல் ஓட்டினேன்.

வெளிவந்த உரையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் பயன்படுத்தியது இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, இரண்டு பத்திகளாகப் பிரிந்த, பார்க்க அழகான வார்ப்புரு. பிரித்தெடுத்த உரையில் இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் மாறி மாறிக் கலந்து கிடந்தன. நான் படித்த கல்லூரியின் பெயருக்கு நடுவே எனக்குத் தெரிந்த மொழிகள் வந்து நின்றன. மேலே வண்ணப்பட்டைக்குள் இருந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அந்த உரையில் இல்லவே இல்லை. அந்தப் பட்டை முழுவதையும் அந்த வார்ப்புரு ஒரு படமாக மாற்றிவிட்டிருந்தது. ஏழு மாதங்களாக நான் அனுப்பிய குறிப்பில், மென்பொருளைப் பொறுத்தவரை, என்னைத் தொடர்புகொள்ள வழியே இல்லை. அன்று மாலை திரும்பும் பேருந்தில் அழுகை வந்தது. 132 விண்ணப்பங்களில் எத்தனை இதனால் போயின என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சில இடங்களில் எண்ணையும் முகவரியையும் படிவத்தில் தனியாகவும் கேட்டிருந்தார்கள், அங்கெல்லாம் இது காரணமாக இருந்திருக்காது. ஆனால் ஒற்றைப் பத்தியில், படமோ பட்டையோ இல்லாமல், வெறும் எழுத்தாக எழுதி அனுப்பிய அடுத்த 40 விண்ணப்பங்களுக்கு 11 பதில்கள் வந்தன.

வடிவத்தோடு உள்ளடக்கத்தையும் மாற்றினேன். ‘லினக்ஸ் தெரியும்’ என்ற வரியை நீக்கிவிட்டு, நான் உண்மையில் செய்தவற்றை எழுதினேன்: மாமாவின் சேலைக்கடைக்கு வலைத்தளம் அமைத்து இரண்டு ஆண்டுகளாகப் பராமரிப்பது, அந்தத் தளம் ஒருமுறை நின்றுபோனதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது, ஒவ்வோர் இரவும் அதன் தரவைப் படியெடுப்பது. பின்னர் நேர்காணல் செய்த எல்லோரும் அந்த மூன்று வரிகளைப் பற்றித்தான் கேட்டார்கள். சான்றிதழ்களைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் எனக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரியான கடிதம் வந்தது. நேர்காணல் இல்லாமலே தேர்வு செய்துவிட்டதாகவும், பயிற்சிக்கான காப்புத்தொகையாக 12,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும், பணியில் சேர்ந்ததும் அது திரும்பக் கிடைக்கும் என்றும் அதில் இருந்தது. கடிதத்தின் தலைப்பும் முத்திரையும் நேர்த்தியாக இருந்தன. மின்னஞ்சல் வந்த தள முகவரியின் பதிவு விவரத்தை ஹூஇஸ் கட்டளையில் பார்த்தேன். பத்து ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொண்ட அந்த நிறுவனத்தின் முகவரி பதிவாகி 19 நாட்களே ஆகியிருந்தன. நண்பனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவன் பணத்தைக் கட்டியிருந்தான். வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்திருந்தால் பணம் கைமாறும் முன் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அவன் வெட்கப்பட்டு ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டான். பணம் திரும்பவில்லை. ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அப்படி நடந்துவிட்டால் முதல் மணி நேரத்திலேயே அந்த எண்ணை அழையுங்கள். வேலை தருகிறவர் வேலை கேட்பவரிடம் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் பெரியப்பா மகனோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டேன். அண்ணன் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குவார் என்பதால், நான் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போய் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருப்பேன். சொந்தப் புத்தகங்களை எடுத்துவந்து படிப்பதற்கு அங்கே தனிப் பகுதி உண்டு. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை அப்போது நேர்காணல் பயிற்சிக்கு நிறையப் பயன்படுத்தினேன். ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழக எனக்கு வேறு ஆள் இல்லை. அந்த வகையில் அது பேருதவி. ஆனால் பழைய கோப்புகளை நீக்கும் கட்டளை ஒன்றைக் கேட்டபோது அது தந்த வரி, அவை இருந்த அடைவுக்கு (கோப்புறைக்கு) மேலே உள்ள அடைவு முழுவதையும் அழித்துவிடக்கூடியதாக இருந்தது. சோதனைக்கென்று வைத்திருந்த மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் தனிக் கணினி போல ஓடும் மென்பொருளில்) ஓட்டியதால் தப்பித்தேன். அதன் பிறகு அது சொல்லும் ஒவ்வொரு கட்டளையையும் கையேட்டுப் பக்கத்தோடு ஒப்பிட்ட பின்பே ஓட்டுகிறேன்.

சென்னையில் ஏழு நேர்காணல்கள். நான்கில் திறனறித் தேர்வோடு முடிந்தது. ஓரிடத்தில் வேலை கிடைத்தது, ஆனால் அசல் சான்றிதழ்களை இரண்டு ஆண்டுகள் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அப்பாவிடம் கேட்டேன், ‘கொடுக்காதே, வந்துவிடு’ என்றார். ஆறாவது, ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டதாக மறுநாள் சொல்லிவிட்டார்கள்.

ஏழாவது, வழங்கிகளை (சர்வர்களை) பராமரிக்கும் ஒரு சிறிய நிறுவனம். மேசைக்கு எதிரே இருந்த அம்மையார் கேள்விகள் கேட்காமல், பழுதான ஒரு வழங்கியின் திரையை என் முன் வைத்துச் சரிசெய்யச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் தடுமாறுவதைக் கண்டு, ‘என்ன நினைக்கிறீர்கள் என்பதைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு செய்யுங்கள்’ என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். வழங்கியில் எந்தக் கோப்பையும் புதிதாக எழுத முடியவில்லை. முதலில் பதிவுகளைத் திறந்து படித்தேன், வட்டில் இடமில்லை என்ற செய்தி அங்கே இருந்தது. இடத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் பாதி வட்டு காலியாக இருந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது, ஏனென்றால் இதே பழுதை மாமாவின் கடைத் தளத்தில் நான் பார்த்திருந்தேன்.

வட்டில் ஒரு கோப்பு வாழ இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று அதன் உள்ளடக்கத்துக்கான இடம், மற்றொன்று அதைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் ஐநோடு. கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்க லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஐநோடுகளின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். இலட்சக்கணக்கில் சிறு கோப்புகள் சேர்ந்தால் இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோடுகள் தீர்ந்துவிடும். மாமாவின் தளத்தில், வந்து போகும் ஒவ்வொருவரையும் நினைவில் வைக்க பிஎச்பி நிரல்மொழி எழுதும் அமர்வுக் கோப்புகளை நிரலின் வழியாக வேறோர் அடைவுக்கு நான் மாற்றியிருந்தேன். டெபியனில் பழைய அமர்வுகளைத் துப்புரவு செய்வது பிஎச்பியின் வேலையல்ல, முறையாக அமைத்த இடத்தை மட்டும் அரைமணிக்கு ஒருமுறை பார்க்கும் தனி நிரலின் வேலை. நான் மாற்றிய இடம் அதற்குத் தெரியாது. மாதக்கணக்கில் கோப்புகள் சத்தமில்லாமல் சேர்ந்து, ஒருநாள் தளம் நின்றது. இவை அனைத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே, ஐநோடு கணக்கை எடுத்துக் காட்டினேன். எண் 100 விழுக்காட்டில் நின்றது. கோப்புகள் மிகுதியாக இருந்ததால் சாதாரண நீக்கல் கட்டளை பட்டியல் மிக நீளம் என்று மறுத்தது. தேடி நீக்கும் கட்டளையைக் கொண்டு, பழையவற்றை மட்டும் நீக்கினேன். 25 நிமிடம் ஆனது. பதிவுகளை ஏன் முதலில் பார்த்தீர்கள் என்று அந்த அம்மையார் கேட்டார். வைஃபை கதையைச் சொன்னேன்.

மாதம் 22,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதங்கள் இரவுப் பணி. வழங்கிகளின் நிலையைக் காட்டும் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் வேலையாக இருந்தது. தூக்கம் கெட்டது, காலையில் மேன்ஷனின் சத்தத்தில் கண்ணயர்வது கடினமாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

சேர்ந்த பிறகு கிடைத்த முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பணத்தை இழந்த அந்த நண்பனின் தன்விவரக் குறிப்பை வாங்கி என் எக்ஸ்220இல் எழுத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தேன். அவனுடைய எண்ணும் முகவரியும் சரியாக வந்தன. ஆனால் அவன் தேர்ந்தெடுத்திருந்த எழுத்துரு, ஆங்கிலத்தில் எஃப், ஐ ஆகிய இரண்டு எழுத்துகளும் அடுத்தடுத்து வரும் இடங்களில் அவற்றை ஒரே வடிவமாக இணைத்திருந்தது. பிரித்தெடுத்த உரையில் அந்த இரண்டு எழுத்துகளும் காணாமல் போய், சான்றிதழைக் குறிக்கும் சொல் ஒவ்வோரிடத்திலும் சிதைந்து கிடந்தது. எழுத்துருவை மாற்றி, மறுபடி பிரித்தெடுத்து, இருவரும் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை முதல் அனுப்பத் தொடங்குவதாகச் சொன்னான்.