கறிக்கு உதவாத உருளைக்கிழங்கு

வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குத் தேங்காய் துருவும் திருவலைப் பல்லும் கத்தியும் சீக்கிரம் கறள் பிடித்துவிடும். பச்சை பிடித்து முளைவிட்ட உருளைக்கிழங்கு இருந்தால் எறிய வேண்டாம். சொலனின் என்ற நச்சு ஏறிய கிழங்கு சாப்பிட ஆகாது. கறள் எடுக்க ஆகும்.

குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் ஒரு தேக்கரண்டி உப்புத்தூளைத் தடவி, ஐந்து நிமிடம் அழுத்தித் தேயுங்கள். கிழங்கிலுள்ள ஒக்சாலிக் அமிலம் கறளை இளக்கும், உப்பு சுரண்டும். முகம் பழுப்பாகி வழுக்கினால் ஒரு மெல்லிய துண்டைச் சீவிவிட்டுத் தொடருங்கள். சிலர் அப்பச்சோடா போடுவார்கள். அது சுரண்டும், ஆனால் அமிலத்தை முறித்துவிடும். பலர் கோட்டை விடுவது கடைசியில்தான்: உப்பு ஒட்டியிருந்தால் மறுநாளே கறள் திரும்பும். நன்றாகக் கழுவி, உடனே துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். ஆழமாக அரித்த இரும்புக்கு இது சரிவராது.

பருத்திச் சேலைக்குக் கஞ்சியும் எடுக்கலாம். கால் கிலோ கிழங்கைத் துருவி, தண்ணீரில் பிசைந்து வடித்து, அரை மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். அடியில் படியும் வெள்ளை மாவில் ஒரு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் கரைத்து, ஒரு லீற்றர் கொதிநீரில் ஊற்றிக் கிளறுங்கள். நேரே கொதிநீரில் போட்டால் கட்டிதான். கஞ்சி போட்ட சேலையை மழைக்காலத்தில் அலுமாரியில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

உப்புக் கூடிய கறியில் கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சுமாம். குழம்பைத்தான் உறிஞ்சும், மிச்சக் குழம்பு அதே உப்புத்தான்.