சிவப்பு மையில் ஒரு வட்டம்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்றதும் நினைவுக்கு வந்தது ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சைத் தாள்தான். 'எங்கள் ஊர்' கட்டுரையில், ராயபுரம் ரயில் நிலையம் திறந்ததை 'ஹிஸ்டாரிக்கல்' நிகழ்ச்சி என்று எழுதியிருந்தேன். சார் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அரை மார்க்கைப் பிடுங்கிவிட்டார். போய்க் கேட்டேன். "ஹிஸ்டாரிக் வேற, ஹிஸ்டாரிக்கல் வேற" என்றார். தமிழில் இரண்டுக்கும் 'வரலாற்று' என்றுதானே போடுகிறோம்?

மறுநாள் சாயங்காலம் வகுப்பையே ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப்போனார். காசிமேட்டுப் பக்கமிருந்து மீன் வாடை. அந்த உயரத் தூண்களுக்குக் கீழே நின்று ஆரம்பித்தார்:

"1856-ல தென்னிந்தியாவோட முதல் பாசஞ்சர் ரயில் இங்கருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. அப்புறம் எத்தனையோ ஊரோட தலையெழுத்தே மாறிச்சு. அதனால அந்த நாள் ஹிஸ்டாரிக். அன்னிக்கு வித்த டிக்கெட் ஒண்ணு உன் கையில கிடைச்சா, அது ஹிஸ்டாரிக்கல். பழைய காலத்தைத் தெரிஞ்சுக்க உதவும், அவ்ளோதான். உங்க தாத்தாவோட பால் கணக்கு நோட்டுகூட ஒருநாள் ஹிஸ்டாரிக்கல் ஆகலாம். ஹிஸ்டாரிக் ஆகாது."

பேச்சு எம்டனுக்குப் போனது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது ஹிஸ்டாரிக். அதை வைத்து யாராவது நாவல் எழுதினால் அது ஹிஸ்டாரிக்கல் நாவல். பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், நம்ம பி.டி. மாஸ்டரும் எம்டன்தான். அவரு எதுல சேர்த்தி?" சார் சிரிப்பை மறைக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முன்காலத்தில் ஆங்கிலேயர்களே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியவர்கள்தான் என்று பிற்பாடு படித்தேன். அந்த அரை மார்க்கை இனி யாரிடம் போய்க் கேட்பது?

போன வருடம் சங்கக் கூட்ட அழைப்பைத் தட்டச்சு செய்தவன் நான். அவசரத்தில் 'ஹிஸ்டாரிக்கல் சந்திப்பு' என்று போட்டு அனைவருக்கும் அனுப்பியும்விட்டேன். ஐந்தே நிமிஷத்தில் பழைய பெஞ்சுத் தோழன் போன்: "டேய், சார் கண்ணுல பட்டிருந்தா?"

கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். ஹிஸ்டாரிக் என்று போட்டிருந்தால்தான் பொய்யாகியிருக்கும்.