மழை மாதத்தில் வீட்டுக்குள் நாற்று: தக்காளி, கத்தரி, மிளகாய்

வீட்டுக்குள் நாற்று வளர்ப்பது பற்றிய வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டிலிருந்து வருபவை. வெளியே பனி கொட்டும் ஊர்க்காரர்கள் சூடேற்றும் பாய் விரிக்கிறார்கள், கண்ணாடி மூடி போட்டு ஈரம் காக்கிறார்கள். சென்னையில் நவம்பர் மாதம் அறைக்குள் 27, 28 டிகிரி வெப்பம் தானாகவே இருக்கிறது. காற்றில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. அந்த இரண்டையும் காசு கொடுத்து வாங்கி வைத்தால் விதை முளைக்கும், பிறகு பூஞ்சை வந்து எல்லாவற்றையும் படுக்க வைத்துவிடும்.

நமக்கு வீட்டுக்குள் நாற்று விட வேறு காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பொன் போன்ற ஒரு மாதத்தை மாடித்தோட்டக்காரர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது. மழை ஓய்ந்தபின் விதைத்தால் நாற்று தயாராகும்போது தை பிறந்துவிடும். தக்காளி காய்க்கத் தொடங்கும் நேரத்தில் பங்குனி வெயில் வந்து நிற்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். இரவு குளிர்ச்சியாக இருக்கும் மார்கழியும் தையும்தான் சென்னையில் தக்காளிக்கு வாய்த்த காலம். மழை பெய்யும்போதே உள்ளே நாற்றைத் தயார் செய்துகொண்டால் அந்த இரண்டு மாதமும் முழுதாகக் கிடைக்கும். இன்னொரு காரணம் வெள்ளை ஈ. தக்காளிக்கு இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவது அதுதான். எவ்வளவு இளம் வயதில் தொற்றுகிறதோ அவ்வளவு நஷ்டம். முதல் 25 நாள் வெள்ளை ஈ கண்ணில் படாமல் நாற்று வளர்ந்தால் பாதிச் சண்டை முடிந்த மாதிரி.

ஆகவே இங்கே செயற்கையாகத் தர வேண்டியது இரண்டே: வெளிச்சம், காற்றோட்டம்.

சன்னலோரம் போதாதா என்று பலரும் கேட்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுச் சுவர் கைநீட்டும் தூரத்தில் நிற்கும். கிரில், கொசுவலை இரண்டையும் தாண்டி மேகமூட்ட நாளில் உள்ளே வரும் வெளிச்சம் ஓரிரு ஆயிரம் லக்ஸ்கூட (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்காது. நாற்றுக்கு வேண்டியது 10,000 முதல் 15,000 லக்ஸ், அதுவும் தினம் 14 முதல் 16 மணி நேரம். நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிவிடும் என்பதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. செல்போனில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, போனை இலை இருக்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் ஆயிரமா பத்தாயிரமா என்பது தெரிந்துவிடும்.

ஊதா நிறத்தில் எரியும் 'க்ரோ லைட்' வாங்க வேண்டாம். அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, கழுத்து அழுகுகிறதா என்று எதுவும் தெரியாது. சாதாரண வெள்ளை எல்இடி டியூப்லைட், 6500 கெல்வின், இரண்டடி நீளம், 10 வாட், மூன்று போதும். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு பலகையின் அடியில் மூன்றையும் பொருத்தினால் ஒரு குழித்தட்டு (சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) அப்படியே கீழே அடங்கும். 98 குழித் தட்டு ஏறக்குறைய 54 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம். 60 செ.மீ. நீளமும் 35 செ.மீ. ஆழமும் அரை மீட்டர் உயரமும் உள்ள எந்த இடமும் சரி: செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டு, சுவர் அலமாரியின் ஒரு அறை, ஆங்கிள் ரேக்கின் ஒரு தட்டு. மூன்று பக்கமும் தெர்மாகோல் அட்டை நிறுத்தினால் பக்கவாட்டில் வீணாகும் வெளிச்சம் திரும்பி இலைக்கே வரும்.

விளக்குக்கும் இலை நுனிக்கும் இடையே 8 முதல் 10 செ.மீ. இருக்க வேண்டும். எல்லாரும் சொதப்புவது இதில்தான். சூடு பட்டுக் கருகிவிடுமோ என்று பயந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுவார்கள்; நாற்று நூல் மாதிரி நீண்டு சாயும். 10 வாட் டியூப் இலையைச் சுடாது. அடியில் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு மட்டும்தான். விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு நாற்று வளர வளர உயர்த்தலாம். அதைவிட எளிய வழி, தட்டை நான்கு பழைய நோட்டுப் புத்தகங்களின் மேல் வைத்து ஒவ்வொன்றாக உருவுவது. டியூபின் இரு முனைகளிலும் வெளிச்சம் குறைவு என்பதால், தட்டைத் துண்டுகளாக வெட்டியிருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓரத்துத் துண்டை நடுவுக்கு மாற்றி வையுங்கள்.

ஒரு டைமர் ப்ளக் போட்டு காலை ஆறு முதல் இரவு பத்து வரை எரியவிடலாம். 30 வாட், 16 மணி நேரம்: நாளுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. நாற்பது நாளுக்கும் சேர்த்து 20 யூனிட் தாண்டாது. 'வேகமாக வளரட்டும்' என்று இரவு முழுக்க எரியவிடாதீர்கள். தக்காளிக்குத் தொடர்ச்சியான 24 மணி நேர வெளிச்சம் ஆகாது. இலை வெளிறிப் புள்ளி விழும்.

இனி ஊடகம், அதாவது நாற்று வேர்விடும் கலவை. தோட்டத்து மண்ணை உள்ளே கொண்டுவர வேண்டாம். பூஞ்சையும் சேர்ந்து வரும், குழியில் இறுகவும் செய்யும். 650 கிராம் கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டி ஒன்றை நான்கு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் எட்டு, ஒன்பது லிட்டர் கிடைக்கும்; மூன்று தட்டுக்குத் தாராளம். கழுவிய கோகோபீட் என்று உறையில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். வீட்டில் ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால், ஊறிய கோகோபீட்டைப் பிழிந்து அந்தத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 300 பிபிஎம்முக்குக் கீழே வரும்வரை பழைய வேட்டித் துணியில் கட்டி அலசிப் பிழியுங்கள். உப்பு மிச்சமிருந்தால் முளைத்த நாற்றின் இலை ஓரம் பழுப்பாகக் கருகும், வேர் குட்டையாக நிற்கும். அலசியபின் கோகோபீட் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு கலக்க வேண்டும். மண்புழு உரத்தை இதற்கு மேல் கூட்டினால் ஈரம் பிடித்து நிற்கும்.

கோகோபீட்டை அலசிய பிறகு போர் தண்ணீரை ஊற்றினால் அலசியதே வீண். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் ஆயிரம் பிபிஎம்மைச் சாதாரணமாகத் தாண்டும். மெட்ரோ தண்ணீர் தேவலை. மழை மாதமாயிற்றே, மொட்டை மாடியில் ஒரு பக்கெட் வைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை; முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூன்று செடியையும் ஒரே நாளில் விதைத்தால் மூன்றும் மூன்று நேரத்தில் தயாராகும். தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40. டிசம்பர் பத்து வாக்கில் நட வேண்டுமானால் மிளகாயை நவம்பர் முதல் தேதியும் கத்தரியை ஏழாம் தேதியும் தக்காளியைப் பதினான்காம் தேதியும் விதைக்கலாம். தட்டைக் கத்தரிக்கோலால் மூன்று துண்டாக வெட்டிக்கொள்வது உத்தமம். ஒன்றுக்கு இருட்டும் இன்னொன்றுக்கு வெளிச்சமும் ஒரே நேரத்தில் தேவைப்படும். வெண்டை, அவரை, கீரைக்கு நாற்று விடும் வேலையே இல்லை, பையிலேயே நேரடியாக ஊன்றலாம். லெட்டூஸ் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வரி: அந்த விதை 30 டிகிரிக்கு மேல் முளைக்க மறுக்கும், ஈரத் துணியில் மடித்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்து எடுத்து விதையுங்கள்.

விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மா விரிடி; நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை அது, பொடியாகக் கிடைக்கும். கிலோ விதைக்கு நான்கு கிராம் என்பது பரிந்துரை. நம்மிடம் இருப்பதோ இருபது விதை. வடித்த கஞ்சி ஒரு சொட்டு, பொடி ஒரு சிட்டிகை, உள்ளங்கையில் புரட்டி நிழலில் உலர்த்தினால் முடிந்தது. விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் கம்பெனியே பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் டிரைக்கோடெர்மா போட்டால் அது செத்துப்போகும். அப்படியே விதையுங்கள்.

கோகோபீட்டைக் கையில் பிடித்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. குழியை நிரப்பி லேசாகத் தட்டி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை வைத்து மூடுங்கள். மேலோட்டமாக வைத்தால் விதையுறை உதிராமல் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு மேலே வரும். அதைப் பிய்க்காதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அரை மணி கழித்துத் தொட்டால் கழன்றுவிடும். விதைத்த தட்டை பிளாஸ்டிக் உறையால் மூடி இருட்டில் வைக்கலாம். தக்காளி ஐந்து நாளில், கத்தரி ஏழெட்டு நாளில், மிளகாய் பத்து நாள் வாக்கில் தலைநீட்டும். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் திறந்து பாருங்கள். நாலைந்து முளை தெரிந்ததுமே உறையை எடுத்துவிட்டு விளக்கின் கீழ் வைத்துவிட வேண்டும், மீதி விதைகள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இருட்டில் ஒரே இரவில் தண்டு இரண்டு அங்குலம் நீண்டுவிடும், அது திரும்பச் சரியாகாது.

அடுத்த பத்து நாள்தான் கண்டம். நாற்றழுகல் நோய் அப்போதுதான் வரும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். கழுத்தைப் பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் வேகவைத்தது போல் கருத்து நூலாய் மெலிந்திருக்கும். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நோய்க்கிருமிகளின் வேலை. விழுந்ததை எழுப்ப மருந்து கிடையாது. பட்டைத்தூள், மஞ்சள்தூள் தூவுவதைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். விழுந்த நாற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சாய்ந்த குழியையும் அதைச் சுற்றியுள்ள குழிகளையும் கோகோபீட்டோடு எடுத்து எறியுங்கள். பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம். அது டிரைக்கோடெர்மாவையும் பாதிக்கும் என்பதால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வராமல் தடுப்பது தண்ணீரில் இருக்கிறது. நவம்பர் ஈரத்தில் கோகோபீட் மெதுவாகத்தான் காயும்; தினமும் ஊற்றுவதுதான் நாற்றைக் கொல்கிறது. மேற்பரப்பு வெளிர் பழுப்பாகி, தட்டைத் தூக்கினால் லேசாக இருக்கும்போது மட்டும், ஒரு ட்ரேயில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் விட்டுத் தட்டை அதில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், கழுத்து நனையாது. மிச்சத் தண்ணீரில் தட்டை நிற்கவிடாதீர்கள். கூடவே ஒரு சின்ன யூஎஸ்பி ஃபேன். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய கம்ப்யூட்டர் ஃபேனும் 12 வோல்ட் அடாப்டரும் போதும். காற்று இலையை லேசாக அசைக்க வேண்டும்; கழுத்துப் பகுதி காயும், ஆடி ஆடித் தண்டும் தடிக்கும்.

கொசு மாதிரிக் கருப்பாகச் சின்ன ஈக்கள் தட்டைச் சுற்றிப் பறந்தால் அவை பூஞ்சை ஈக்கள். கடிக்காது, ஆனால் புழுக்கள் ஈரக் கோகோபீட்டில் இருந்து இளம் வேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டுஅட்டை ஒன்றை நிறுத்தி, மேற்பரப்பில் சலித்த ஆற்றுமணலை அரை சென்டிமீட்டர் பரப்புங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அதிலுள்ள மாவு இறுகி ஓடாகிவிடும்.

முதலில் விரியும் வித்திலைக்குப் பிறகு இரண்டு உண்மை இலை விரிந்ததும் உணவு கொடுக்கலாம்: தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை. இயற்கை வழிக்காரர்கள் வெர்மிவாஷை (மண்புழுப் படுக்கையிலிருந்து வடியும் நீர்) ஒன்றுக்குப் பத்து நீர்த்து ஊற்றட்டும். விளக்கு வெளிச்சம் வெயிலின் பக்கத்தில்கூட வராது, அதனால் உரத்தைக் கூட்டினால் மென்மையாக நீளுமே தவிர வலுக்காது.

புயல் நேரத்து மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். வர்தா வந்தது 2016 டிசம்பர் 12, மிக்ஜாம் 2023 டிசம்பர் தொடக்கம். இரண்டுமே நாற்று தயாராகும் நேரம்தான். கரண்ட் போனால் தண்ணீரை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே வெளிச்சமான சன்னலுக்குத் தட்டை மாற்றுங்கள். ஈரம் குறைந்த நாற்று இருட்டில் குறைவாக நீளும்.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். உள்ளே 12,000 லக்ஸில் வளர்ந்த இலை, மழை விட்ட டிசம்பர் நண்பகலின் முழு வெயிலில் ஒரே மணி நேரத்தில் வெளுத்துக் காகிதமாகும். முதல் இரண்டு நாள் காலை எட்டு வரை, பிறகு பத்து வரை, பிறகு 50 சதவீதப் பச்சை நிழல்வலையின் கீழ் நாள் முழுக்க. இந்த வாரம் ஃபேனும் உரமும் வேண்டாம். வெள்ளை ஈ காத்திருப்பது இங்கேதான் என்பதால் தட்டைச் சுற்றி 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலை கட்டுங்கள். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் அது நுழைந்துவிடும்.

நடவை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். குழியின் அடியில் விரலால் அழுத்தினால் வேரும் கோகோபீட்டும் ஒரே கட்டியாகக் கழன்று வர வேண்டும். உதிர்ந்தால் இன்னும் நாலு நாள் தட்டிலேயே இருக்கட்டும். தக்காளியை வித்திலை வரை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் தட்டில் இருந்த அதே மட்டத்தில் நட வேண்டும். காலியான தட்டை லிட்டருக்கு பத்து கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.