ஆஸ்திரேலியாவில் நிறுவன ஸ்பான்சரில் பி.ஆர்.: கடலூர் வெல்டர் தம்பிகளுக்கு

கடலூர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும் கான்ட்ராக்டில் வெல்டிங் பார்த்தவன் நான். இப்போது ஆஸ்திரேலியாவில் நிறுவனம் வழியாக 186 விசா, அதாவது பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை), கிடைத்திருக்கிறது. ஊரிலிருந்து கேட்கும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது: ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வுக்குக் கோச்சிங்கில் சேரும் முன்பு பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

விசாவுக்காக நம் வேலைத்திறனைச் சோதிக்கும் தொழில்திறன் மதிப்பீட்டில் அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். இந்த ஷட்டவுனுக்கு (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் வேலை) ஒரு கான்ட்ராக்டர், அடுத்ததற்கு வேறொருவர், சம்பளம் கையில் என்று ஓடியிருந்தால் காட்ட எதுவும் மிஞ்சாது. பி.எஃப். பதிவும் வங்கியில் விழுந்த சம்பளமும் சொல்லும் தேதிகள் அனுபவக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடிதத்தில் ‘நேர்மையானவர், உழைப்பாளி’ என்று எழுதி வாங்கிப் பயனில்லை. எந்த உலோகம், எந்த முறை வெல்டிங், வாரம் எத்தனை மணி நேரம் என்று இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் தொழிலை மூடிவிட்டுப் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.

அதே மதிப்பீட்டின் செய்முறைத் தேர்வில் நம் பிள்ளைகளுக்குப் பயம் வேண்டாம். தடுமாறுவது கேள்வி பதிலில்தான். 7018 வெல்டிங் ராடை ஏன் ஓவனில் வைக்கிறோம் என்று கேட்டால், ‘சூப்பர்வைசர் சொன்னார்’ என்பது பதில் ஆகாது. ராடில் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், ஆறிய பிறகு விரிசல் விடும்; அதை இங்கிலீஷில் சொல்லத் தெரிய வேண்டும். அன்றைக்குச் செய்த வேலையை ராத்திரியில் இங்கிலீஷில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் சூடாக்குவது) எதற்கு, போலாரிட்டி (கரன்ட்டின் பிளஸ், மைனஸ்) ஏன் மாற்றுகிறோம், சாய்வாக நிற்கும் 6ஜி பைப்பில் ரூட் (முதல் அடுக்கு) எங்கே கஷ்டம், எல்லாம். இலக்கணம் உடைந்தாலும் சரி, காரணம் வந்துவிட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்குக்கும் இதே பழக்கம்தான் கைகொடுத்தது.

186-க்கு ஐஇஎல்டிஎஸ் எழுதினால் நான்கு பிரிவிலும் குறைந்தது 6 வேண்டும். ரைட்டிங்தான் பலரைக் கவிழ்க்கிறது. ஜெனரல் ட்ரெயினிங்கில் 150 சொல்லில் கடிதம், 250 சொல்லில் கட்டுரை, மொத்தம் 60 நிமிடம். கட்டுரைக்கே மதிப்பெண் அதிகம், அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். நிறுவன ஸ்பான்சரில் போகும் தற்காலிக வேலை விசாவான 482-க்கு இதைவிடக் குறைந்த மதிப்பெண் போதும்தான். ஆனாலும் ஊரிலேயே 6 எடுக்கும் அளவுக்குப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே ஷிஃப்ட் முடிந்து வந்து படிப்பது பெரும்பாடு.

482-இல் போய் ஸ்பான்சரிடம் முழுநேரமாக 2 ஆண்டு வேலை பார்த்தால், நிறுவனம் பரிந்துரைக்கும்போது 186-க்கு விண்ணப்பிக்கலாம். 2023 நவம்பருக்கு முன் இது 3 ஆண்டாக இருந்தது. 482-இல் இந்த 2 ஆண்டு இல்லாமல் 186-க்கு நேரடி வழியில் போனால் 3 ஆண்டு அனுபவமும் திறன் மதிப்பீடும் கேட்பார்கள். பொதுவாக வயது 45-க்குள் இருக்க வேண்டும்.

அப்புறம் பணம். இந்தப் பரிந்துரைக்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் பயிற்சி நிதி, சிறிய நிறுவனத்துக்கு 3,000 ஆஸ்திரேலிய டாலர், பெரியதற்கு 5,000 டாலர். அதை உங்கள் தலையில் கட்டக்கூடாது. ‘ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு’ என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2015 டிசம்பரிலிருந்து அப்படிக் கேட்பது மட்டுமல்ல, கொடுப்பதும் அங்கே சட்டமீறல். கையிலிருக்கும் விசாவே ரத்தாகலாம்.