பில் தராத ஆட்டோ

இன்னைக்கு அஞ்செட்டி பக்கம் ஒரு சின்ன அமைப்போட கணக்கு பாக்கப் போயிருந்தேன். நாங்க குடுக்குற நிதியில பாதி ஆட்டோ வாடகைதான், எட்டாவது முடிச்ச பொண்ணுங்க மலையில இருந்து இறங்கி ஹைஸ்கூல் போகணும்ல, ஆட்டோக்காரர் எங்க பில் தருவாரு, அந்த அமைப்புல இருக்குற அக்கா ஒரு நோட்டுல தேதி போட்டு கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க. உக்காந்து, பில்லுக்கு பதிலா வவுச்சர் (செலவுச் சீட்டு) எழுத சொல்லிக் குடுத்தேன். 2020ல வெளிநாட்டு நிதிச் சட்டத்த (FCRA) திருத்துன பிறகு வெளிநாட்டு நிதிய வாங்குற அமைப்பு இன்னொரு அமைப்புக்கு குடுக்கவே முடியாது, அதனால இந்த மாதிரி சின்னவங்களுக்கு உள்ளூர்ல திரட்டுற பணம்தான். நோட்டுல அக்டோபர்ல நாலு நாள் காலி. கேட்டா "மழைங்க, ஆட்டோ ஏறல, நானே நடத்திக் கூட்டிட்டுப் போனேன்"ங்கறாங்க. இவங்களுக்குன்னு சம்பளமே பட்ஜெட்ல இல்ல. நாளைக்கு மீட்டிங்ல கேக்கப் போறேன்.